கடல் விட்டுச்சென்ற ஊர்கள்

2020 அக்டோபரில், பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் ஒரு குளத்தில் மண் எடுத்தபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டைகள் என்று பேச்சு கிளம்பி, படங்கள் கைபேசிக்குக் கைபேசி தாவின. நிலவியல் அறிந்தவர்கள் பார்த்துவிட்டு, இவை முட்டைகள் இல்லை, அம்மோனைட் என்னும் கடலுயிரியைச் சுற்றி இறுகிய கல்லுருண்டைகள் என்றார்கள். அத்தோடு பேச்சு அடங்கிவிட்டது. அது அடங்கிய விதம் எனக்கு இன்னும் உறுத்தலாக இருக்கிறது. முட்டை என்றால் திருவிழா, அம்மோனைட் என்றால் ஒன்றுமில்லை என்று நாம் எப்போது முடிவு செய்தோம்?

அந்த உருண்டைக்குள் நடந்ததை மெல்ல நினைத்துப் பார்க்க வேண்டும். ஓர் அம்மோனைட் செத்துக் கடலடிச் சேற்றில் விழுகிறது. சதை அழுகுகிறது. அழுகலைத் தின்னும் நுண்ணுயிர்கள் அந்த இடத்து நீரின் தன்மையையே மாற்றுகின்றன. நீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு அங்கே மட்டும் படியத் தொடங்கி, சேற்றுத் துகள்களைப் பிணைத்து, ஓட்டைச் சுற்றி வெளிநோக்கி வளர்கிறது. பிறகு அதன்மேல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் சேறு ஏறி அழுத்துகிறது. உருண்டைக்கு வெளியே கிடந்த ஓடுகள் நசுங்கித் தட்டையாகின்றன. உள்ளே இருப்பது மட்டும் நீந்தியபோதிருந்த வடிவத்தோடு தப்புகிறது. தன் சாவையே தனக்குக் காப்பாக ஆக்கிக்கொண்ட ஓர் உயிர் அது. முட்டையைவிட இது எந்த விதத்தில் குறைந்த அதிசயம்?

சுருள் ஓட்டைப் பார்த்து நத்தை என்று நினைக்கத் தோன்றும். அம்மோனைட் நத்தை இனமன்று, கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் உறவு. சுருள் முழுவதும் குறுக்குச் சுவர்களால் அறை அறையாகத் தடுக்கப்பட்டிருக்கும். உயிர் குடியிருந்தது கடைசி அறையில் மட்டுந்தான். வளர வளர முன்னே நகர்ந்து, பின்னால் ஒரு சுவர் எழுப்பி, விட்டுவந்த அறையில் காற்றும் கொஞ்சம் நீரும் நிரப்பி, எல்லா அறைகளையும் ஊடுருவும் ஒரு மெல்லிய குழாயால் அந்த அளவைக் கூட்டிக் குறைத்துக் கடலில் மிதந்தது. சுவர்கள் ஓட்டைத் தொடும் இடத்தில் இலை நரம்புபோல் நெளிந்து கிளைக்கும் கோடுகள் உண்டு. அந்தக் கோடுகள் இனத்துக்கு இனம் மாறுபடும். இனங்கள் ஒவ்வொன்றும் கடலெங்கும் வேகமாகப் பரவி, வேகமாக உருமாறி, வேகமாக அழிந்த குலம் என்பதால், ஒரு பாறை அடுக்கில் எந்த அம்மோனைட் இருக்கிறது என்று பார்த்தே அதன் வயதைச் சொல்லிவிடலாம். ஒரு டைனோசர் எலும்பு அவ்வளவு நுணுக்கமாகக் காலம் சொல்லாது.

வைணவ வீடுகளின் பூஜையில் இருக்கும் சாளக்கிராமம் நேபாளத்துக் கண்டகி ஆற்றிலிருந்து வருவது. அதிலுள்ள சக்கரம், இமயம் எழுமுன் அங்கே இருந்த கடலில் வாழ்ந்த ஜுராசிக் கால அம்மோனைட்டின் பதிவு. ஸ்ரீரங்கத்திலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் பயணம் செய்தால் ஊட்டத்தூர். அந்தப் பக்கத்து ஓடைகளில் அதே குலத்தின் பின்னாளைய வாரிசுகள் கிடக்கின்றன. திருமஞ்சனம் செய்யும் கைகளுக்கு இந்த உறவு தெரிந்தால் பக்தி குறையாது, கூடும் என்றே நம்புகிறேன்.

ஊட்டத்தூர், கருடமங்கலம், அரியலூர், நின்னியூர் என்று விரியும் இந்தப் பரப்பு, திருச்சி, பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் சிதறிக் கிடக்கும் சாதாரண ஊர்கள். பருத்தி, மக்காச்சோளம், கடலை, சீமைக் கருவேலம். பார்வைக்கு இதற்குமேல் எதுவும் இல்லை. உலகின் நிலவியல் நூல்களிலோ இந்த ஊர்ப்பெயர்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நின்றுகொண்டிருக்கின்றன. இந்தியா, அண்டார்க்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் ஒன்றாக இருந்த கோண்ட்வானா நிலம் பிளக்கத் தொடங்கியபோது, பிளவின் ஓரம் சரிந்து உண்டான பள்ளங்களில் ஒன்று காவிரிப் படுகை. அதற்குள் கடல் நுழைந்தது. கிரெட்டேசியஸ் என்று சொல்லும் காலம் ஏறத்தாழ 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிகிறது. அதன் பிற்பாதியில் கடல் இங்கே பலமுறை ஏறியும் இறங்கியும் இருந்தது. ஒவ்வொரு ஏற்றமும் ஒவ்வொரு இறக்கமும் ஒரு படிவு.

இந்தப் படிவுகள் கிழக்கு நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. அதனால் மூத்தவை மேற்கே, இளையவை கிழக்கே. பச்சைமலைப் பக்கம் நிற்பவை இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் மூத்த, உயிரின் சுவடே இல்லாத பாறைகள். அவற்றை ஒட்டித் தொடங்கும் களிமண்ணிலும் சுண்ணாம்புக் கல்லிலும் முதலில் ஊட்டத்தூர்த் தொகுதி, பிறகு திருச்சிராப்பள்ளித் தொகுதி, அப்புறம் அரியலூர், கடைசியில் நின்னியூர். ஒரு காலைப்பொழுதில் ஊட்டத்தூரிலிருந்து பேருந்து மாறி மாறிக் கிழக்கே செந்துறைவரை போனால் ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளைக் கடந்திருப்போம். பயணத்தில் எந்த இடத்திலும் யாரும் எதையும் சுட்டிக்காட்டுவதில்லை என்பதுதான் வருத்தம்.

இந்தப் பரப்பிலுள்ள காரை என்னும் ஊருக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே மண்ணே வேறு. மஞ்சளும் பழுப்புமான களிமண் மேடுகள், மழை அரித்த நூறு நூறு சிற்றோடைகள், மரம் அபூர்வம். வெயிலில் ஜிப்சம் தகடுகள் மின்னும். குனிந்து நடந்தால் பென்சில் துண்டு போன்ற கற்கள் அகப்படும். பெலம்னைட் என்ற, கணவாய்க்கு உறவான இன்னொரு உயிரின் உள்ளெலும்பு. நான் குனிந்து தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்து ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்தார்.

“என்ன தம்பி, எதுவும் விழுந்துருச்சா?”

கையிலிருந்ததைக் காட்டினேன்.

“இதுங்களா? மழ பேஞ்சு விட்டாப் போதும், தானா வெளிய வரும். இங்க கடலு இருந்துச்சாம் தம்பி. எங்க ஆயா சொல்லும்.”

“எப்ப இருந்துச்சுன்னு சொன்னாங்களா ஐயா?”

“அதெல்லாம் யாரு கண்டா? அது போயிருச்சு, இது கெடக்கு.”

அவருடைய ஆயாவுக்கு யார் சொன்னார்கள் என்பது எனக்குத் தெரியாது. சிப்பியும் சங்கும் நிலத்தில் கிடப்பதைத் தலைமுறைகளாகக் கண்ட ஒரு குடும்பம், எந்தப் புத்தகத்தின் துணையும் இல்லாமல் சரியான முடிவுக்கு வந்திருக்கக்கூடும். ஐரோப்பாவில் படித்தவர்கள் இதே முடிவுக்கு வரப் பல நூற்றாண்டு வாதாட வேண்டியிருந்தது.

எழுத்தில் பதிவான கதை 1840களில் தொடங்குகிறது. சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த கேயும் அவருடைய நண்பர் கன்லிஃபும் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பக்கங்களில் திரட்டிய ஓடுகளை லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றை விவரித்து அறிக்கை வெளியிட்டார். அடுத்து வந்தவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. இந்திய நிலவியல் ஆய்வுத்துறை அப்போதுதான் நடக்கப் பழகிக்கொண்டிருந்தது. இளைஞராக இருந்த அவர் இந்த நிலத்தை ஊர் ஊராக அளந்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று தொகுதி பிரித்து, 1862இல் ஆய்வேட்டை வெளியிட்டார். இன்றைக்கும் அந்தப் பகுப்பின் மேல்தான் எல்லோரும் திருத்தம் செய்கிறார்கள். இதே மனிதர்தான் பிற்பாடு இந்தியாவின் முதல் வானிலைத் துறைத் தலைவராகி, இமயத்தின் பனிக்கும் பருவமழைக்கும் உள்ள தொடர்பை எழுதினார். பழைய கடலையும் வரப்போகும் மழையையும் ஒரே கண்ணால் பார்க்க முடிந்தவர்.

ஓடுகளை ஒவ்வொன்றாக வரைந்து பெயரிட்டு முடித்த பெரும் பணி ஃபெர்டினாண்ட் ஸ்டோலிஸ்காவுடையது. இன்றைய செக் நாட்டின் மொராவியாவில் பிறந்தவர். தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் உயிர்கள் பற்றி 1873 வரை வெளிவந்த பெருந்தொகுதிகள் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கின்றன. அடுத்த ஆண்டே, யார்க்கண்டு பயணத்திலிருந்து திரும்பும் வழியில், லடாக்கின் உயரத்தில் மூச்சுத் திணறி இறந்தார். வயது 36. லேயில் அவருக்குக் கல்லறை இருக்கிறது. அரியலூரின் பெயரை ஓர் அம்மோனைட்டுக்கு இட்டு, உலகத்தின் எல்லா அருங்காட்சியகப் பட்டியல்களிலும் ஏற்றிவைத்தவர் அவர். அரியலூரில் அவர் பெயரில் ஒரு தெருவாவது இருக்கலாம்.

பிளான்ஃபோர்டிடம் மறுபடியும் வருகிறேன், ஏனென்றால் நம்முடைய கதை அவரிடம் ஓரிடத்தில் முட்டிக்கொள்கிறது. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரையில் கிடைத்த ஓடுகளில் பல, திருச்சி ஓடுகளோடு அப்படியே ஒத்துப்போயின. அதைவிடப் பழைய செடிகளின் சுவடுகளும் இரு நிலங்களிலும் ஒத்திருந்தன. எனவே இந்தியாவையும் ஆப்பிரிக்காவையும் இணைத்த ஒரு நிலம் இருந்திருக்க வேண்டும் என்று 1875இல் அவர் வாதிட்டார். அதற்குப் பதினோராண்டு முன்பு, 1864இல், மடகாஸ்கரின் விலங்குகளை வைத்து ஃபிலிப் ஸ்கிளேட்டர் ஊகித்த லெமூரியாவுக்கு இது வலுச் சேர்த்தது. அந்த லெமூரியாதான் தமிழுக்கு வந்து குமரிக்கண்டமாக வளர்ந்தது. கடல்கோள் பற்றிய பழைய நினைவுகள் நம்மிடம் முன்பே இருந்தன. அவற்றுக்கு நிலவியலின் உடம்பு கிடைத்தது இப்படித்தான்.

பின்னர் கண்டங்கள் நகர்கின்றன என்பது நிறுவப்பட்டது. ஒத்த ஓடுகளுக்கு விளக்கம் சொல்ல மூழ்கிய நிலம் தேவைப்படவில்லை. இந்தியாவும் மடகாஸ்கரும் ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை ஒட்டிக்கொண்டிருந்தன, அதன் பிறகும் வெகுகாலம் அதிகத் தூரம் இல்லை. ஒரே கடலின் கரைகளில் ஒரே உயிர்கள் வாழ்ந்தன, அவ்வளவே. பிளான்ஃபோர்டு கண்ட ஒற்றுமை மெய், அவர் கட்டிய பாலம் மட்டும் விழுந்துவிட்டது. அறிவியலில் இது வழக்கமான நிகழ்வு. எனக்கு வலிப்பது வேறு. அவருடைய வாழ்க்கையிலிருந்து நாம் எடுத்துக்கொண்டது இல்லாத கண்டத்தை. விட்டுவிட்டது, கண்ணெதிரே இருக்கும் வரைபடத்தை. கடல் கொண்ட நிலத்துக்காகத் தமிழில் எழுதப்பட்ட பக்கங்கள் ஏராளம். கடல் விட்டுச்சென்ற நிலத்தைப் பற்றி, ஊட்டத்தூர்க்காரர் ஒருவர் வாங்கிப் படிக்கக்கூடிய ஒரு நல்ல தமிழ்ப் புத்தகத்தை நான் இன்னும் கடையில் கண்டதில்லை. இல்லாதது நம் பேச்சில் வளர்ந்துகொண்டே போகிறது. இருப்பது நம் காலடியில் தேய்ந்துகொண்டே போகிறது.

கல்லமேட்டில் நடந்ததும் இதன் இன்னொரு வடிவம். அரியலூருக்குக் கிழக்கே உள்ள கல்லமேட்டுப் படிவு கடல் பின்வாங்கியபோது ஆறுகள் கொண்டுவந்து போட்ட மணலும் களியும். தரையில் வாழ்ந்தவற்றின் எலும்புகள் இங்கேதான். 1920களில் சார்ல்ஸ் மேட்லி இங்கே எலும்புகளைத் திரட்டி, 1929இல் எழுதினார். 1980களில் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு நிலவியலாளர்கள் ஒரு மாபெரும் விலங்கின் எலும்புகளைக் கண்டு, மேட்லியின் நினைவாகப் புருஹத்காயோசரஸ் மேட்லியி என்று பெயரிட்டார்கள். முதலில் ஊன் தின்னும் டைனோசர் என்று கருதப்பட்டு, பிறகு நீண்ட கழுத்துடைய தாவர உண்ணி என்று திருத்தப்பட்டது. அதன் முழங்காலுக்குக் கீழுள்ள கால் எலும்பு மட்டும் ஏறத்தாழ 2 மீட்டர். 2023இல் வெளியான ஒரு கணக்கு அதன் எடையை 110 டன்னிலிருந்து 170 டன்வரை வைக்கிறது. அது சரியென்றால் தரையில் நடந்த உயிர்களில் நீலத்திமிங்கிலத்தோடு ஒப்பிடத்தக்கவற்றில் இதுவும் ஒன்று.

அந்த எலும்புகள் இன்று இல்லை. களிமண்ணில் ஊறி நொறுங்கும் நிலையில் இருந்தவை, முழுதாகப் பாதுகாப்பிடம் சேருமுன்பே பொடிந்துபோயின. எஞ்சியவை பழைய ஓவியங்களும் சில நிழற்படங்களும். அந்தப் படங்களில் சில 2022இல்தான் வெளிச்சத்துக்கு வந்தன. அதுவரை, இது எலும்பே இல்லை, கல்லான மரமாக இருக்கலாம் என்று வெளிநாடுகளில் சந்தேகித்தவர்கள் உண்டு. இதில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அந்தக் களிமண்ணில் பருவமழைக்குப் போட்டியாக எலும்பெடுப்பது எளிய காரியம் அன்று. தொலைந்த பிறகு அந்த விலங்கு மேலும் மேலும் பெரிதாகிக்கொண்டிருப்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். உலகின் மிகப் பெரியது நம்முடையது என்று பகிர்கிறவர்களில் எத்தனை பேருக்கு, அதே கல்லமேட்டு மண்ணில் கிடைத்துக் கையில் பத்திரமாக இருக்கும் ஆமை தெரியும்? குர்மடெமிஸ் என்று 2001இல் பெயர் பெற்றது அது. கழுத்தைப் பின்னுக்கு இழுக்காமல் பக்கவாட்டில் மடக்கிக்கொள்ளும் இனம். மண்டையோட்டோடு கிடைத்தது. 2013இல் அங்கிருந்து ஒரு பல் விவரிக்கப்பட்டது, நகத்தளவுகூட இராது. ட்ரூடான்டிட் என்னும், பறவைகளுக்கு நெருங்கிய உறவான சின்ன டைனோசர் குலத்துப் பல். அந்தக் குலம் தென்கண்டங்களில் இருந்ததற்கு அதுவே முதல் சான்று என்றார்கள். 170 டன்னைவிட இந்த ஒரு பல் எனக்கு அதிகம் சொல்கிறது. தனித்தீவாக வடக்கே மிதந்துகொண்டிருந்த இந்தியாவுக்கு அந்தக் குலம் எப்படி வந்தது என்ற கேள்வியை அது எழுப்பிவிட்டு நிற்கிறது.

இந்தப் பரப்பில் சாத்தனூர் மட்டும் ஓரளவு அதிர்ஷ்டம் செய்த ஊர். அங்கே கிடக்கும் 18 மீட்டருக்கும் நீளமான கல்மரத்தை 1940இல் நிலவியல் ஆய்வுத்துறையின் எம்.எஸ்.கிருஷ்ணன் அறிவித்தார். பூக்கும் மரங்கள் பெருகுமுன் இருந்த ஊசியிலைக் குலத்து மரம், 12 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது என்று துறையின் பலகை சொல்கிறது. ஆறு அடித்துவந்து கடலில் போட்டு, கடல் மண்ணில் புதைந்து கல்லானது. வேலி போட்டிருக்கிறார்கள், காவல் இருக்கிறது, பள்ளிக்கூடப் பேருந்துகள் வருகின்றன. பெரிதாக இருந்ததால் அது பிழைத்தது என்று எனக்குத் தோன்றும்.

இனி சிப்பிகளுக்கு வருகிறேன். இந்தப் பரப்பில் எனக்கு மிகவும் பிடித்தவை அவைதான், மிக வேகமாக மறைந்துகொண்டிருப்பவையும் அவைதான்.

கலியுக வரதராசப் பெருமாள் கோயில் இருக்கும் கல்லங்குறிச்சியை அரியலூர்ப் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. ராமநவமியை ஒட்டித் தேர், பெருங்கூட்டம். அந்த ஊரின் பெயரைத்தான் நிலவியலாளர்கள் இங்குள்ள சுண்ணாம்புக்கல் படிவுக்கு வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆழம் குறைந்த, வெதுவெதுப்பான, தெளிந்த கடலடியில் சிப்பிகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி வளர்ந்து மேடுகளாகின. கிரைஃபியா என்று பழைய நூல்கள் சொல்லும் கனத்த சிப்பி, உள்ளங்கையை நிறைக்கும், கையில் எடுத்தால் அதன் பாரம் வியப்பூட்டும். வரிவரியாக மடிப்பு விழுந்த இனோசெராமஸ். விளிம்பு மரம் அறுக்கும் வாள்போல் நெளிந்த இன்னொரு சிப்பி. இவற்றின் மேல் பாசிப்படர்வாக வளர்ந்த பிரையோசோவா என்னும் சிற்றுயிர்கள். சில ஓடுகளைத் திருப்பினால் உள்பக்கம் நுண்ணிய துளைகள், செத்த சிப்பிக்குள் வேறோர் உயிர் துளைத்துக் குடியேறிய தடம். ஓர் ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு அது எந்தப் பக்கம் சேற்றில் படுத்திருந்தது, எந்த ஆண்டு நன்றாகத் தின்று வளர்ந்தது, எப்போது இளைத்தது என்று வளர்ச்சிக் கோடுகளில் படிக்கலாம்.

இந்தப் படிவு முழுக்கச் சுண்ணாம்பு. ஆகவே முழுக்கச் சிமெண்ட். 1939இல் டால்மியாபுரத்தில் தொடங்கிய ஆலையிலிருந்து இன்றுவரை இந்த வட்டாரமே தமிழ்நாட்டின் சிமெண்ட் களஞ்சியம். 1953இல் பெயர்மாற்றப் போராட்டம் நடந்து, மு.கருணாநிதி தண்டவாளத்தில் படுத்த கல்லக்குடிதான் அந்த டால்மியாபுரம். அந்த ஊரின் சுண்ணாம்புக்கல், ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பவளத் திட்டு. தமிழக அரசியல் வரலாற்றின் அந்தப் புகழ்பெற்ற நாளில் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பழங்கடலின் பவளப்பாறை வெட்டுப்பட்டுக்கொண்டிருந்தது. எனக்கு இது சிலிர்ப்பூட்டும் செய்தி.

ஆலைகளை எதிரியாக்கி எழுதுவது எளிது, நேர்மையும் இல்லை. சுரங்கம் வெட்டாவிட்டால் கல்லங்குறிச்சிச் சிப்பி மேடுகளின் முழு உயரம் யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. வயலுக்கடியில் படுத்திருக்கும். அரசுச் சிமெண்ட் நிறுவனமான டான்செம்மின் சுரங்கச் சுவரைப் பார்த்து ஆராய்ந்தவர்கள், சிப்பி மேடுகளாலான ஒரு பிரிவுக்கு டான்செம் என்றே பெயர் வைத்தார்கள். இன்னொரு பிரிவின் பெயர் காட்டுப்பிரிங்கியம், மற்றொன்று சீனிவாசபுரம். வெட்டுகிறவர்கள்தான் காட்டிக்கொடுக்கவும் செய்கிறார்கள். ஆனால் வெடி வைத்த அடுத்த நாள் நேற்றைய சுவர் இருக்காது. ஆய்வுக் கட்டுரையில் படம் போட்டுக் குறித்த இடத்தைத் தேடிப் போனால், அந்த இடம் காற்றாகிவிட்டிருக்கும்.

அந்தக் காற்றில் வேறொன்றும் இருக்கிறது. சிமெண்ட் சூளையில் சுண்ணாம்புக் கல்லைக் களிமண்ணோடு சேர்த்து ஏறத்தாழ 1450 டிகிரிக்குக் காய்ச்சிக் கிளிங்கர் எடுக்கிறார்கள். அதற்குள் கல்லிலுள்ள கார்பன் டைஆக்சைடு பிரிந்து போய்விடும். ஒரு டன் தூய சுண்ணாம்புக் கல்லிலிருந்து 440 கிலோ. எரிபொருளின் புகை தனி. அந்த 440 கிலோ, சிப்பிகள் தங்கள் ஓட்டுக்காகக் கடல்நீரிலிருந்து ஒரு துளி ஒரு துளியாக எடுத்துப் பூட்டிவைத்தது. ஏழு கோடி ஆண்டு மண்ணுக்குள் இருந்தது, சூளையில் ஒரு மணி நேரத்துக்குள் வானத்துக்குப் போகிறது. டைனோசர் இருந்த காலத்துக் காற்றின் ஒரு பங்கை நாம் இப்படித் திருப்பி விட்டுக்கொண்டிருக்கிறோம்.

சிப்பியைச் சுட்டு வீடு கட்டுவது நமக்குப் புதிதன்று. கிளிஞ்சலைக் காளவாயில் வேகவைத்து, கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புச் சாந்தில்தான் நம் பழைய வீடுகளும் கோயில்களும் எழுந்தன. வெற்றிலைக்குத் தடவியதும் அதுவே. ஆனால் அந்தக் கிளிஞ்சல் அந்தந்த ஆண்டு கடல் ஒதுக்கியது, அடுத்த ஆண்டும் ஒதுக்கும். கல்லங்குறிச்சிச் சிப்பிக்கு அடுத்த ஆண்டு கிடையாது. சென்னையிலோ மதுரையிலோ புதுவீட்டுச் சுவரைத் தட்டிப் பார்க்கிறவர் கையில் அந்தச் சிப்பியின் கால்சியம் படுகிறது. சுவருக்குள் வந்த பிறகு அது எந்தக் கதையும் சொல்லாது.

கிழக்கே நின்னியூரை எட்டும்போது அம்மோனைட்டுகள் இல்லை. இது நான் சொல்ல விரும்பும் இன்னொரு பெரிய விஷயம், இதை இந்த ஊர்களில் நேரில் காணலாம் என்பதே எனக்கு இன்னும் நம்ப முடியாமல் இருக்கிறது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதலும் அதனை ஒட்டிய பேரழிவும் டைனோசர்களை முடித்தன, கடலில் அம்மோனைட் குலத்தையும் முடித்தன. நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல் அதற்குப் பிந்திய கடலில் படிந்தது. 1936இல் எல்.ராமராவும் யூலியஸ் பியாவும் அதிலுள்ள கடற்பாசிகளை விவரித்தார்கள். அங்கே அம்மோனைட்டின் தூரத்து உறவான நாட்டிலஸ் குலத்து ஓடு கிடைக்கிறது. அதே போன்ற சுருள், அதே போன்ற அறைகள், சுவர்க் கோடுகள் மட்டும் எளிமையானவை. அது பிழைத்தது, இன்றும் பசிபிக் கடலில் நீந்துகிறது. ஏன் ஒன்று மாண்டு இன்னொன்று பிழைத்தது? ஒரு விளக்கம் இப்படி: அம்மோனைட்டின் குஞ்சுகள் மிகச் சிறியவை, கடலின் மேற்பரப்பில் மிதந்து வளர்ந்தவை. மேற்பரப்பு வாழ்வு சிதைந்தபோது தலைமுறை அறுந்தது. நாட்டிலஸ் சில பெரிய முட்டைகளை ஆழத்தில் இட்டது. குஞ்சு பொரிந்ததும் தன்னைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்திருந்தது. 30 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகக் கடலை ஆண்ட ஒரு பெருங்குலத்தின் விதி குஞ்சின் அளவில் முடிவாகியிருக்கலாம். இத்தனையும் நாட்டின் ஏதோ மூலையில் இல்லை. செந்துறைப் பேருந்தில் ஏறிப் போகும் தூரத்தில் இருக்கிறது.

அரியலூருக்குப் பக்கத்தில் வாரணவாசியில் ஒரு புதைபடிவ அருங்காட்சியகம் உண்டு. நல்ல முயற்சி, போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் வந்த ஓடு தன் இடத்தை இழந்த ஓடு. அதற்குக் கீழே என்ன கிடந்தது, மேலே எது படிந்தது, பக்கத்தில் யார் வாழ்ந்தார்கள் என்பதை அது வெளியே விட்டுவிட்டு வந்திருக்கிறது. பாறைச் சுவரில் இருக்கும்வரைதான் அது தன் காலத்தில் இருக்கிறது.

அதனால் என் ஆசை சின்னது, செய்யக்கூடியது. இந்த வட்டாரத்தில் வெட்டி முடித்துக் கைவிட்ட சுண்ணாம்புக்கல் குழிகள் பல உள்ளன. மழைநீர் தேங்கி, கருவேலம் மண்டிக் கிடக்கின்றன. குழிக்கு ஒரு சுவர் போதும். சிப்பி மேடு நன்றாகத் தெரியும் பக்கமாக, முப்பது மீட்டர் நீளம், வெட்டாமலும் மூடாமலும் விட்டுவிட வேண்டும். நீரை வடிக்க ஒரு வாய்க்கால், பிள்ளைகள் இறங்கப் படிக்கட்டு, சரிவு விழாமல் ஒரு வலை, எந்த அடுக்கு எந்தக் காலம் என்று தமிழில் எழுதிய பலகை. ஊரில் ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து, கல்லூரி ஆசிரியர்களிடம் ஆறு மாதம் பயிற்சி தந்து, அந்தச் சுவரைப் படித்துக் காட்டச் சொல்லலாம். காரையில் ஆடு மேய்க்கும் குடும்பங்களிலிருந்தே ஆள் எடுக்கலாம், மண் அவர்களுக்கு ஏற்கெனவே பழக்கம்.